விறகில் ஓடிய லாரியில் வாழப்பாடிக்கு

1980 மே மாதக் கடைசியில் திருச்செங்கோட்டிலிருந்து பரமத்தி வேலூர், நாமக்கல், சேலம் வழியாக வாழப்பாடிக்கு ஒரு லாரியில் போனேன். அந்த லாரி மரத்துண்டில் ஓடியது. சில மாதங்களுக்கு முன் வேறொரு பதிவில் போகிறபோக்கில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். நம்பாமல் கேட்டவர்கள் பல பேர். இரண்டு பேர் மட்டும் ஒரு படி மேலே போய், தாங்களும் அப்படியொரு வண்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போவதாக எழுதியிருந்தார்கள். அந்த இருவருக்காகத்தான் இதை முழுதாக எழுதுகிறேன். அவசரப்படாமல் கடைசி வரை படியுங்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சேலத்தில் வேதியியல் படித்து முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். பெண் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். காபி கொண்டுபோய் வைப்பது, உள்ளே வருவது, அவர்கள் கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருப்பது. ஓர் இடத்தில் உட்கார முடியாத பிறவி நான். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்தே அம்மாவுக்குத் தலைசுற்ற வைத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் பழனிசாமி என்னைவிட மோசம். ஊர் எல்லையில் மர அறுவை மில் வைத்திருந்தான். அந்த வருடம் டீசலுக்கு ஊரே அலைந்தது. போர்வெல் ரிக் வண்டிகளும் லாரிகளும் பங்க்கில் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். அண்ணனோ மில்லுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்த கழிவு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை, முனைத்துண்டு, சில்லு என்று அடுப்புக்குப் போனது போக மிச்சமெல்லாம் மழையில் மக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பஸ்கள் கரி வாயுவில் ஓடியதை யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். கேட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ராணுவ ஏலத்தில் போன ஒரு பழைய பெட்ரோல் லாரியைப் பிடித்தான். கேபினுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மை நிறுத்தினான். மேல்மூடியைத் திறந்து மரத்துண்டைக் கொட்ட வேண்டும். நடுவில் கொஞ்சமாகக் காற்று போகும். அடியில் நெருப்பு கனியும். காற்று போதாமல் வேகும் மரத்திலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அதைக் குழாயில் ஆற வைத்து, தேங்காய் நாரில் வடிகட்டினால் பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜின் அதைக் குடித்துக்கொள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு அவனுக்கு எட்டு மாதம் ஆனது. ஈரமரம் போட்டால் தார் வந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டன. மரத்தூள் போட்டால் மாவுபோல் அடைத்துக்கொண்டது. கடைசியில், நன்றாகக் காய்ந்த புளி, வேம்புத் துண்டுகளைக் கை அளவுக்குத் தறித்துப் போட்டால் வண்டி ஓடும் என்று தெரிந்தது. ஒரு சாக்கு மரத்துக்கு முப்பது கிலோமீட்டர் போனது.

பரமத்தி வேலூரில் நல்லம்மாள் என்று ஒருவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வைகாசி முகூர்த்தத்துக்காக வாழப்பாடி வியாபாரி ஒருவர் அவரிடம் பெரிய அளவில் வெற்றிலை கேட்டிருந்தார். வெற்றிலை காத்திருக்காது. கூடையில் அடைத்த மறுநாளே உள்ளுக்குள் சூடேறிக் கறுக்க ஆரம்பித்துவிடும். வழக்கமாக வரும் லாரி டீசல் இல்லாமல் நின்றுவிட்டதால் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணனுக்கு இது வாடகைச் சமாச்சாரம் மட்டும் அல்ல. வாழப்பாடிச் சந்தைக்கு ஆத்தூரிலிருந்து ஒரு லாரி முதலாளி வருவதாக இருந்தார். வண்டியை நேரில் பார்த்துவிட்டுத் தன் லாரிகளுக்கும் இதேபோல் செய்து தரச் சொல்வதாகப் பேச்சு. அது நடந்தால் மில்லுக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டுவிடலாம் என்று இடத்தைக்கூட அளந்து வைத்திருந்தான்.

நெருப்பைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"பொட்டப்புள்ள லாரியில போறதா?" என்றார் அம்மா.

"நல்லம்மா அக்காவும் கூட வாராங்களாமா. கேபின்ல மூணு பேரு உக்காரலாம்" என்றான் அண்ணன். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் வண்டியில் ஏறியிருந்தேன்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். துருத்தியைக் கையால் சுற்றி நெருப்பை ஊத அரை மணி ஆகும். பிறகு குழாய் முனையில் தீக்குச்சி காட்ட வேண்டும். நீலமாக நின்று எரிந்தால் வாயு தயார். பெட்ரோலில் கிளப்பி, மெதுவாக வாயுவுக்கு மாற்றினான். வண்டி ஒருமுறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. திருச்செங்கோட்டு மலை பின்னால் போகப் போக அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தான். பரமத்தி வேலூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேகம் முப்பதைத் தாண்டவில்லை. ஏற்றங்களில் சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க, வண்டிக்குள்ள சோறாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வேலூரில் கொடிக்கால்களுக்குள் நுழைந்ததும் காற்றே குளிர்ந்துவிடும். காவிரி வாய்க்கால் தண்ணீர், அகத்தி நிழல், வாழை. நல்லம்மாளின் ஆட்கள் வாழைச்சருகு வைத்த கூடைகளில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இது வெடிக்காதுங்களா, தம்பி?"

"வெடிக்காதுங்க்கா. இன்ஜின் உறிஞ்சற அளவுக்குத்தான் வாயு வரும்."

"செரி. சொன்னபடி என்ற எலை எங்க போகுதோ நானும் அங்க வாரேன். கருத்துப்போச்சுன்னா அந்த வாழப்பாடிக்காரரு மூஞ்சியில ஆரு முழிக்கறது?"

உச்சி வெயிலில் நாமக்கல்லைத் தொட்டோம். இருபது கிலோமீட்டர்தான், ஆனால் பரமத்தி தாண்டியதும் வடிகட்டி அடைத்துக்கொண்டதால் நார் மாற்ற நிற்க வேண்டியிருந்தது. நாமக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே ஓட்டலில் சாப்பிட்டோம். நான் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து இரண்டு சாக்கு மரத்தை டிரம்மில் கொட்டி, கம்பியால் சாம்பலைக் கிளறிவிட்டேன். கை முழுக்கக் கரி. ஒரு வருடத்தில் அன்றைக்குத்தான் நான் முழுதாக விழித்திருந்ததுபோல் இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. போதமலைப் பக்கம் கறுத்தது தெரிந்தது, அடுத்த நிமிடம் ரோடு தெரியவில்லை. வண்டிக்கு வைப்பர் வேலை செய்யாது. அண்ணன் ஒரு புளியமரத்து ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். நெருப்பு அணைந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஊத வேண்டுமே என்பதற்காகப் பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்றை டிரம்மில் பொருத்தியிருந்தான். அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதைப் போட்டுவிட்டான். சாரல் அடித்ததால் இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றினோம்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். வண்டி ஓடும்போது இன்ஜின் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். நின்றுவிட்டால் உறிஞ்ச ஆள் இல்லை. விசிறி வேறு தள்ளுகிறது. மூடி இடுக்கு, குழாய் இணைப்பு எல்லாவற்றிலிருந்தும் வாயு வெளியே வரும். கேபினின் பின்பலகையில் குழாய் நுழைவதற்குப் போட்ட துளை டிரம்முக்கு நேராக இருந்தது.

மழை கூரையில் தடதடவென்று விழுந்தது. நல்லம்மாள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தலை கிண்ணுகிண்ணுங்குது, அம்மிணி. வெயில்ல நின்னது."

"எனக்குந்தானுங்க."

"சித்த நேரம் கண்ணை மூடுங்க. மழை விட்டதும் போலாம்" என்றான் அண்ணன். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். நல்லம்மாள் என் தோளில் சாய்ந்துகொண்டார். எனக்கும் கண் சொருகியது. ஆனால் கால்கள் சும்மா இருக்கவில்லை. உள்ளே இருக்கவே முடியவில்லை, யாரோ நெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நெருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறந்தேன்.

"நனையாத, உக்காரு" என்றான். குரல் குழறியது.

இறங்கியதும் முழங்கால் மடங்கி ரோட்டோரச் சேற்றில் விழுந்தேன். நாமக்கல் சாப்பாடு முழுக்க வெளியே வந்தது. மழை முகத்தில் அடிக்க அடிக்கத் தலை கொஞ்சம் தெளிந்தது. எழுந்து திரும்பிப் பார்த்தேன். நல்லம்மாள் சீட்டில் சரிந்து கிடந்தார். அண்ணனின் நெற்றி ஸ்டியரிங்மேல் இருந்தது. முகம் செக்கச்சிவந்திருந்தது. நடு மத்தியானத்தில், இந்த இரைச்சலில், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எப்படித் தூங்குவார்கள்?

கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு. மூன்று வருடம் பரீட்சையில் எழுதியது. காலையிலிருந்து புகை வாடையிலேயே இருந்ததால் எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. எங்கள் லாரி குடித்து ஓடிய வாயுவே அதுதான்.

கத்தினேன். நல்லம்மாளின் கையைப் பிடித்து இழுத்தேன். ஈரத்தில் கை வழுக்கியது. இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தபோது இரண்டு பேருமாகக் கீழே விழுந்தோம். அவர் முனகினார். மறுபக்கம் ஓடி அண்ணன் பக்கத்துக் கதவைத் திறந்தேன். என்னால் அவனை அசைக்க முடியவில்லை. ரோட்டுக்கு அந்தப்புறம் வயலில் ஒரு மோட்டார் ரூம் இருந்தது. அதற்குள் மழைக்கு ஒதுங்கியிருந்த ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பெயர் செங்கோடன் என்று பிறகு தெரிந்தது.

"என்னாச்சுங்க? அடிபட்டுருச்சா?"

"நச்சுக் காத்துங்க. உள்ள ஏறாதீங்க, இங்கிருந்தே இழுங்க!"

அவர் அண்ணனின் சட்டையையும் கையையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அண்ணன் சேற்றில் வந்து விழுந்தான். மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை. மழைத்தண்ணீர் வாயில் போகாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் முதலில் அசைத்தது விரலை.

"விசிறிய நிறுத்து" என்றான். கண் திறக்கும் முன்பே.

நிறுத்திவிட்டு வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். செங்கோடன் எங்கள் மூவரையும் மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போனார். கதவில்லாத அறை. அண்ணன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். நல்லம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். செங்கோடன் வீட்டுக்குப் போய்க் கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை. ராசிபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் எங்கள் லாரியில்தான் போக வேண்டும்.

மழை விட்டு வெயில் சாயும்போது அண்ணன் எழுந்து நேராக நடந்து காட்டினான். "போலாம். எலை சூடாகுது."

"நீ நில்லு" என்றார் நல்லம்மாள். "அந்தப் பொட்டிக்குள்ள நான் மறுக்கா உக்கார மாட்டேன். நீயும் உக்காரக் கூடாது. கதவைக் கழட்டு."

"கதவையா?"

"ரெண்டையும். என்ற எலை கருத்தாக் கருக்கட்டும். உன்ற அம்மாகிட்டப் போயி நான் என்ன சொல்றது?"

ஸ்பேனரை எடுத்து இரண்டு கதவுகளையும் கழற்றி மோட்டார் ரூமில் சாய்த்து வைத்தோம். முன்கண்ணாடியையும் தூக்கிக் கட்டினோம். பின்பலகைத் துளையில் நார்ச்சாக்கைத் திணித்துக் களிமண் பூசினோம். விசிறியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். டிரம்மில் கனல் மிச்சம் இருந்தது. துருத்தியைச் செங்கோடன் சுற்றினார். மறுபடியும் நீலச்சுவாலை வந்தபோது அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ராசிபுரத்தில் ஒரு டாக்டர் அண்ணனைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஓட்டாதே என்றார். இவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். சேலம் வரை காற்றும் சாரலும் முகத்தில் அறைந்தன. நான் பேசிக்கொண்டே வந்தேன். அவன் பதில் சொல்லவில்லை என்றால் தொடையில் குத்தினேன். நல்லம்மாள் ஒரு கையால் கேபின் கம்பியையும் மறுகையால் என்னையும் பிடித்திருந்தார். சேலம் தாண்டி வாழப்பாடிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். எங்கும் நிற்கவில்லை, ரயில்வே கேட்டைத் தவிர. அங்கே மூவரும் இறங்கித் தள்ளிப்போய் நின்றோம். இரவு மண்டியில் சேர்ந்ததும் கூடைகளைப் பிரித்தார்கள். அடிவரிசை கறுத்திருந்தது. மற்றது பச்சையாக வந்து சேர்ந்திருந்தது.

ஆத்தூர் லாரி முதலாளி மறுநாள் காலையில் வந்தார். வெள்ளை வேட்டி, சிரித்த முகம். வண்டியைக் கிளப்பச் சொல்லிப் பார்த்தார், தானே கொஞ்ச தூரம் ஓட்டினார். அண்ணன் உற்சாகமாகத்தான் விளக்கினான். முந்தின நாள் சேற்றில் கிடந்தவன்போலவே இல்லை. முதலாளி ஆறு லாரிக்கு வேண்டும் என்றார்.

"கதவு எங்கங்க?" என்று கடைசியில் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நல்லம்மாள்தான் பதில் சொன்னார். "நேத்து நாங்க மூணு பேரும் செத்திருப்போமுங்க." நடந்ததை முழுக்கச் சொன்னார்.

முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். "ஏம்மா, இதெல்லாம் டிரைவர் பாத்துக்குவான். ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு ஓட்டுனா சரியாப் பூடும். தூங்குனான்னா அவன் தலையெழுத்து. நீங்க கதவோட பண்ணிக் குடுங்க, ராத்திரியில சரக்கு திருடு போவும்."

அண்ணன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "டிரைவருங்க கேபின்லதானுங்க தூங்குவாங்க" என்றான்.

"ஆமா, வேற எங்க தூங்குவான்?"

அண்ணன் டிரம்மின் பக்கம் திரும்பினான். பிறகு, "என்னால ஆகாதுங்க" என்றான். "வேற ஆளப் பாருங்க. இல்ல, வேற ஆளையும் பாக்காதீங்க."

முதலாளி முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு சத்தம் போட்டார், இவ்வளவு தூரம் வரவழைத்து அவமானப்படுத்துவதாக. அவர் போனதும் அண்ணன் டிரம்மின் அடிமூடியைத் திறந்து கனலை எல்லாம் தரையில் தள்ளி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். வெள்ளை ஆவி அவனை மறைத்தது. அது அடங்கும்வரை யாரும் பக்கத்தில் போகவில்லை. பெட்ரோல் வாங்கி ஊற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். வழி முழுக்க அவன் பேசவில்லை. இந்த முறை நான் குத்தவும் இல்லை.

அடுத்த மாதம் நல்லம்மாள் திருச்செங்கோட்டுக்கே வந்துவிட்டார். டிரம்மைக் கழற்றித் தன் கொடிக்கால் கிணற்றடியில், நான்கு பக்கமும் வெட்டவெளியில் நிறுத்தித் தரச் சொன்னார். ஒரு பழைய இன்ஜினில் மாட்டி அண்ணன் அதைச் செய்துகொடுத்தான். கரண்ட் ஒழுங்காக வரும்வரை சில வருடங்கள் மில்லின் கழிவு மரம்தான் அங்கே தண்ணீர் இறைத்தது. பட்டறை போட அளந்து வைத்த இடத்தில் அவன் எதுவும் கட்டவில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மரக்கழிவிலிருந்து வண்டிக்கு எரிபொருள் எடுப்பது தப்பான யோசனை என்று நான் நினைக்கவில்லை. இன்று பெரிய ஆலைகளில் வேறு வழிகளில் அதைத் திரவமாகவே ஆக்கப் பார்க்கிறார்கள். நடக்கட்டும். ஆனால் வீட்டுப் பட்டறையில் டிரம் வெட்டப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொல்ல வேண்டும். ஆட்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் அதை வைக்காதீர்கள். எரியும் டிரம்மோடு வண்டியைக் கொட்டகைக்குள் விடாதீர்கள். வண்டி நின்றதும் இறங்கித் தள்ளிப் போங்கள், மழையாக இருந்தாலும். இப்போது இந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அது இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

வெறும் பாதையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் அடிக்கடி பஸ் உண்டு. சேலத்தில் ஆத்தூர் பஸ் ஏறினால் வாழப்பாடியில் இறங்கலாம். எங்களுக்கு ஒரு பகலும் பாதி இரவும் பிடித்த தூரத்தை நீங்கள் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடுவீர்கள். மே மாதம் போனால் மத்தியானத்துக்குமேல் குடை வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விறகு லாரியோ, ஏசி போட்டு நிறுத்திய காரோ, அடுப்பெரியும் கூடாரமோ, மூடிய இடத்தில் உங்களுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், வெயில் என்றோ பசி என்றோ காரணம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். காரணத்தை வெளியே நின்று யோசிக்கலாம்.